சுமை ஏற்றாமல் ஓட்டிய நாட்கள்

ராவுத்தரே, நம் ஜீப்பின் கியர் பாக்ஸை இரண்டாம் தடவையாகப் பிரித்துக் கட்டியாயிற்று. நேற்றுச் சாயங்காலம் பாலக்கரை ஷெட்டிலிருந்து வண்டியை வெளியே எடுத்தேன்.

ஷெட்டுக்குள் கால் வைத்ததுமே அந்த வாசனை வந்தது. புது கியர் ஆயில், மண்ணெண்ணெயில் கழுவிய இரும்பு, எங்கோ லேசாகக் கருகியது போல ஒன்று. நீங்கள் பினாங்கு மண்ணில் அடங்கி இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஆனாலும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது உங்கள் சட்டைதான். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு என்று எடுத்து வைத்த சட்டைக்கு எவ்வளவு அத்தர் பூசினாலும் அடியில் கியர் ஆயில்தான் மணக்கும்.

மெக்கானிக்குக்குத் தலை நரைத்துவிட்டது. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. முதல் தடவை கட்டிய அன்று நம் இருவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னதையெல்லாம் நேற்று என்னிடம் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். தெரியும் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவர் மூச்சு விடுகிற இடங்களில் நீங்கள் குறுக்கே பேசியது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போது நமக்கு முப்பது சொச்சம் வயது. பட்டாளத்தார் ஏலம் விட்ட ஜீப்பை ஆளுக்குப் பாதி போட்டு எடுத்திருந்தோம். தலைச்சுமையாகப் புளி விற்று மேலே வந்தவன் நான். சரக்கு பார்க்கத் தெரியும், விலை பேசத் தெரியும், வண்டி ஓட்டத் தெரியாது. அது உங்கள் வேலை. பச்சைமலையில் ஏறி புளியும் கடுக்காயும் பலாவும் ஏற்றிக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்கு வருவோம். சம பங்குக்காரர்கள்தான் என்றாலும் என்னை நீங்கள் 'மொதலாளி' என்றுதான் கூப்பிடுவீர்கள், கிண்டலுக்கு.

ஏற்றத்தில் அந்த வண்டியைக் குறை சொல்ல முடியாது. இறக்கத்தில்தான் வினை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இரண்டாம் கியர் தானே கழன்று நியூட்ரலில் விழுந்துவிடும். கியர் குச்சியைத் தேங்காய் நார்க் கயிற்றால் சீட்டுக் காலோடு கட்டி ஓட்டினீர்கள். ஒரு நாள் கயிறு அறுந்தது. பள்ளத்துப் பக்கம் போகாமல் வண்டியை மலைப் பக்கத்து மண்ணில் உரசி நிறுத்தினீர்கள். பின்னாலிருந்த பலாப்பழங்கள் கவிழ்ந்து சரிவில் உருண்டுகொண்டே இருந்தன. நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல மொதலாளி, சரக்கு நமக்கு முன்னாடியே மார்க்கெட்டுக்குப் போயிடுச்சு" என்றீர்கள்.

அதே சமயத்தில்தான் பினாங்கிலிருந்து உங்கள் அண்ணன் ஆள் அனுப்பியிருந்தார். அவருக்கு உடம்பு முடியவில்லை, மளிகைக் கடையைப் பார்க்க நீங்கள் வர வேண்டும் என்று. போகிறேன் என்றும் சொல்லவில்லை நீங்கள், மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். இந்த மனுஷனுக்கு அலுப்பு அந்தக் கியர் பாக்ஸால்தான். அதைச் சரி பண்ணிக் கொடுத்துவிட்டால் ஊரை விட்டுப் போகிற எண்ணம் கழன்றுவிடும். உங்களிடம் சொல்லவில்லை. வியாபாரி காரணத்தைச் சொல்லிவிட்டுச் சரக்கு வாங்குவானா?

"இவ்வளவு செலவு பண்றேனே, புது வண்டி மாதிரி ஓடுமா?" என்று வண்டியைப் பாலக்கரை ஷெட்டில் விட்டு மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"புது வண்டி மாதிரி ஓடாதுண்ணே. ஒழுங்கா இருக்கிற பழைய வண்டி மாதிரி ஓடும்" என்றார். "காலைல குச்சி இறுக்கமா இருக்கும், பிடிச்சு அடிக்காதீங்க. ரெண்டாவதுல ஒரு முனகல் கேக்கும். அது ஒரே மாதிரி கேட்டா பயமில்ல, நாளுக்கு நாள் ஏறிச்சுன்னா கொண்டாங்க. கீழ ஒரு சொட்டு ரெண்டு சொட்டு ஒழுகும், அதுக்கு ஓடி வராதீங்க."

"அப்ப எதுக்குத்தான் ஓடி வரது?" என்றீர்கள் நீங்கள்.

"கியர் கழண்டு விழுந்தா வாங்க பாய். மொத ஐந்நூறு மைலுக்கு வேகம் கூடாது, சுமை கூடாது. அப்புறம் ஆயிலை இறக்கிப் பாப்போம்."

வேகம் கூடாது என்றது எனக்கு உறைக்கவில்லை. சுமை கூடாது என்றதுதான் இடித்தது. மார்க்கெட்டில் நம் பழக்கம் உங்களுக்குத் தெரியும். அச்சாணி மாற்றிய கட்டை வண்டியானாலும் பட்டறையிலிருந்து முதல் நடை வெறுமனே வாசலுக்கு வரக்கூடாது. வந்தால் அந்தப் பருவம் முழுக்க வெறும் வண்டிதான். நான் வண்டியைத் தொட மாட்டேன் என்று நின்றேன். நீங்கள் ரோட்டுக்குப் போய் ஒரு சீப்பு பூவன் பழம் வாங்கி வந்து பின்னால் வைத்தீர்கள். "இதுவும் சுமைதான் மொதலாளி. எடை கம்மி, அவ்வளவுதான். ஏறுங்க."

இப்படித்தான் அந்த நாட்கள் ஆரம்பித்தன. தினமும் சாயங்காலம், மாட்டு வண்டிகள் மணியடித்து நம்மைத் தாண்டிப் போகிற மெதுவில், போவதற்கென்று ஓரிடம் இல்லாமல் போனோம். அதுவரை காவிரிப் பாலம் எனக்கு மலைச் சரக்கு வந்து சேர்கிற வழி மட்டும்தான். அன்றுதான் அதன் கீழே தண்ணீர் போவதைப் பார்த்தேன். திரும்பினால் மலைக்கோட்டை தண்ணீருக்குள்ளும் ஒன்று நின்றது. ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்தடியில் இஞ்சினை நிறுத்தினால் உள்ளேயிருந்து நாதஸ்வரம் கசிந்து வரும், யாரோ தூக்கத்தில் பேசுகிற மாதிரி. நீங்கள் ஸ்டீயரிங்கில் தாடையை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சும்மா இருப்பது இத்தனை சுகம் என்று எனக்கு எந்த யாவாரியும் சொன்னதில்லை.

வெறுமனே திரும்பக் கூடாதே என்று ஒவ்வொரு நாளும் எதையாவது ஏற்றினோம். சமயபுரத்தில் ஒரு மண் சட்டி. காலையிலேயே கிளம்பி வையம்பட்டிப் பக்கம் போன நாளில் ஒரு படி வேர்க்கடலை. ஸ்ரீரங்கத்தில் ஒரு முழம் மல்லிகை. "ஜீப்புல போய் ஒரு முழம் பூ வாங்கியார யாவாரியை இப்பத்தான் பாக்குறேன்" என்று என் வீட்டுக்காரி சிரித்தாள். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள், அது வேறு.

கொள்ளிடத்து மணலில் ஒரு நாள் இறங்கினோம். முன் சக்கரத்துக்கும் ஓட்டம் கொடுக்கிற சின்னக் குச்சியை இழுத்துவிட்டு, "இது மணலுக்கும் சேத்துக்கும் மட்டும். தார் ரோட்டுல போட்டா வண்டி தன்னையே முறுக்கிக்கும்" என்றீர்கள். வண்டி மணல்மேல் மெல்ல மெல்ல நடந்தது. தண்ணீரில் இடுப்பளவு நிற்கிறவன் நடப்பது போல இருந்தது. அந்த முனகல், மெக்கானிக் சொன்ன அதே முனகல், ஆற்றகலத்துக்கும் பரவிக் கிடந்தது. வெளிச்சம் போகப் போக நாணலும் மணலும் ஒரே நிறமாயின. நேற்று வீடு திரும்பும்போதும் இரண்டாம் கியரில் அந்தச் சத்தம் கேட்டது ராவுத்தரே. கொஞ்ச தூரம் மூன்றாவதுக்கு மாற்றாமலே வந்தேன்.

அந்த மணலில்தான் என்னை உங்கள் சீட்டில் உட்கார வைத்தீர்கள். "மொதலாளி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க" என்றீர்கள். முதல் கியரை வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும் என்று தெரியாமல் ஓட்டத்திலேயே நான் போட்டு, கியர் பல் நறநறவென்று கடித்தது. "நம்ம செலவுல செஞ்ச பல்லுங்க, பாத்து!" என்று கத்தினீர்கள். பிறகு தினமும் ஓட்ட வைத்தீர்கள். விளையாட்டு என்று நினைத்தேன். இல்லாவிட்டால், இங்கேயே இருக்கப் போகிறவர் கை மாற்றி ஓட்ட ஓர் ஆளைத் தயார் செய்கிறார் என்று நினைத்தேன். எனக்குச் சாதகமாக எண்ணிக்கொள்ள எனக்கு நன்றாக வரும்.

ஐந்நூறு மைல் ஆனதும் ஆயிலை இறக்கினார் மெக்கானிக். தட்டில் கறுப்பு எண்ணெய். வெயில் பட்டதும் அதற்குள் பித்தளைப் பொடி மினுமினுவென்று சுழன்றது. நான் பதறினேன். "இது பொடிதாண்ணே. உள்ள புதுசா போட்ட பித்தளை வளையம் இடம் பிடிச்சு உக்காருது. சில்லு சில்லா வந்தாத்தான் அழணும்" என்றார். நீங்கள் விரலால் தொட்டு வெயிலில் காட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். "உக்காந்துடுச்சு" என்றீர்கள். உங்கள் முகத்தில் ஏன் சந்தோஷம் இல்லை என்று நான் கேட்கவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அது கண்ணில் படவில்லை.

மறுநாள் பச்சைமலை. ஏற்றத்தில் என்னை ஓட்டச் சொன்னீர்கள். மேலே அரை பாரம் புளி ஏற்றினோம். இறங்கும்போது நீங்கள் உங்கள் இடத்துக்கு வரவில்லை, பக்கத்துச் சீட்டிலேயே உட்கார்ந்தீர்கள்.

"இறக்கம் ராவுத்தரே, நீங்க வாங்க."

"நீங்களே இறக்குங்க."

இரண்டாவதில் போட்டேன். வளைவு வந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கை தானாகக் குச்சியைப் பிடிக்கப் போனது. நீங்கள் என் கையைத் தட்டிவிட்டீர்கள். "விடுங்க. நிக்கும்."

நின்றது. வண்டி தன் கனத்தைத் தானே பிடித்துக்கொண்டு, மூங்கில் நிழலும் வெயிலுமாக, வளைவு வளைவாக இறங்கியது. எந்தப் பக்கமும் அவசரமே இல்லாத மாதிரி இருந்தது. அடிவாரம் வந்துவிட்டது என்பதே ஒரு நாய் குரைத்த பிறகுதான் தெரிந்தது. ஓரமாக நிறுத்தினேன்.

"நாகப்பட்டினத்துல கப்பலுக்குச் சொல்லியாச்சு" என்றீர்கள். "அண்ணன் படுத்துட்டாரு. இந்த வண்டியை அந்தப் பழைய கியரோட உங்க கையில விட்டுட்டுப் போனா, இறக்கத்துல என்னைக்காவது போயிடுவீங்கன்னுதான் இத்தனை நாள் பதில் சொல்லல. இனிமே தூங்கலாம்."

உங்களை நிறுத்தி வைக்க நான் கட்டச் சொன்ன கியர் பாக்ஸ், நீங்கள் நிம்மதியாகப் புறப்படத்தான் உதவியது. அதன்மேல் கோபம் வரவில்லை. சொன்ன வேலையை அது சரியாகத்தான் செய்தது.

பிறகு நீங்கள் மார்க்கெட் வழக்கப்படி துண்டை எடுத்து உங்கள் கைமேல் போட்டு என் பக்கம் நீட்டினீர்கள். உங்கள் பாதிக்கு நான் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து ரகசியமாக விலை சொல்ல வேண்டும். நான் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு வாயாலேயே பேசினேன். அன்று பேசியதில் ஒன்றையும் இந்த நாள் வரை நான் மாற்றவில்லை. நேற்றைய ரிப்பேர் பில்லைக்கூட இரண்டு பேர் பேரில்தான் போடச் சொன்னேன்.

"வண்டி ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. நான் விக்கக் கூடாது, நீங்க பங்கு கேக்கக் கூடாது. எப்ப வந்தாலும் ஏத்தம் நான் ஓட்டுறேன், இறக்கம் நீங்க ஓட்டணும்."

"பெட்ரோலு?"

"ஏத்தத்துக்கு நான் போடுறேன். இறக்கத்துக்கு நீங்க."

"இறக்கத்துல எங்க மொதலாளி பெட்ரோல் செலவாகுது?"

"உங்க பாதிக்கு அதான் விலை" என்றேன். சரி என்றீர்கள்.