தட்டில் நலம்

மார்ச் 6
புற்றுநோய்க்கான கதிர்சிகிச்சை முடிந்தும் என் மனைவிக்குக் குடல் ஆறவில்லை. அதில் கிள்ளியெடுத்த துணுக்கை ஆஸ்பத்திரி மாடியிலுள்ள ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்க்கிறார்கள். நிருபர் புத்தி, சும்மா இருக்குமா? ஏறிப்போய் அங்கிருந்த ஆய்வாளர் பெண்ணைக் கேட்டேன்.

"குடலோட உள்தோல் நாலஞ்சு நாளைக்கு ஒருதடவை புதுசாகும் சார். அடியில இருக்கிற ஸ்டெம் செல்தான் பிரிஞ்சு பிரிஞ்சு கொடுக்குது. ஆனா தானா பிரியாது. பக்கத்துச் செல் ஒரு புரதத்தை அனுப்பணும். அது இதோட மேல இருக்கிற ஏற்பியில, பூட்டுல சாவி மாதிரி, வந்து ஒட்டணும்."

"ஒட்டலேன்னா?"

"இருக்கிறது முதிர்ந்து உதிர்ந்துடும். புதுசா வராது."

மார்ச் 9
துணுக்கு பிழைத்துக்கொண்டது. மொட்டு விடுகிறதாம். இவளிடம் சொன்னேன்.

"ரெண்டு ஸ்பூன் தண்ணி என் வயித்துல நிக்கல. அதுக்கு மட்டும் விருந்தா? கொழுப்பெடுத்த கழுதை, வளரட்டும்."

சிரித்தாள். சிரித்தது வலித்தது போல, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 10
மகள் போன் செய்தாள். "லீவு கிடைச்சிருச்சுப்பா. நாளைக்கே கிளம்பவா? அம்மா எப்படி இருக்காங்க?"

"குடல் நல்லா வளருதாம்மா. அடுத்த வாரம் நிதானமா வா."

மார்ச் 12
வார்டு டாக்டர் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"தட்டுல அந்தப் புரதத்தை நாங்க ஊத்துறோம். இவங்க உடம்புல அதை அனுப்ப வேண்டிய செல்லே கருகிப்போச்சு."

"ஊசியில ஏத்த முடியாதா?"

"குடலோட நிக்காது சார். புத்துநோயையும் தட்டி எழுப்பிடும். பொண்ணை வரச்சொல்லுங்க."

நல்லா வளருதுன்னு யாரைப் பத்தி சொன்னேன் நான்? மாடியில கேட்டேனே, கீழே ஏன் கேட்கல?

மார்ச் 13
விடியும் முன்பே இவள் போய்விட்டாள். மகள் வழியில் இருக்கிறாள்.

மார்ச் 14
மகள் அழவில்லை. "ரெண்டு பேர்கிட்ட விசாரிக்காம எதையும் எழுதாதேன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவீங்களேப்பா."

அவ்வளவுதான். அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

ஏப்ரல் 2
மகள் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி அனுப்பினாள். பிறகு ஒன்றுமில்லை.

இன்று ஆய்வாளரிடமிருந்து செய்தி. "தட்டுல நல்லா இருக்கு சார். பிரிச்சு இன்னும் மூணு தட்டுல வச்சிருக்கோம்."

மகளுக்கு அனுப்பக் கை போனது. செய்தி சரியானதுதான்.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.