அவளுக்கு மிஞ்சிய இங்கிலீஷ்

பிப்ரவரி 9

இன்றைக்கும் பாதி ரொட்டிதான். பாலில் ஊறவைத்துக் கொடுத்தேன். வாயில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்திருந்தாள், விழுங்கவில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசினால் இந்தப் போன் எழுதிக்கொள்ளும் என்று மகள் பழக்கிவிட்டுப் போயிருக்கிறாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று தினமும் சொல்லி வைக்க வேண்டுமாம். வீட்டுப் பேச்சு பேசினால் கன்னாபின்னாவென்று எழுதுகிறது. அதனால் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேசுகிறேன். ஆயுசு முழுக்கச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவன், கடைசியில் செய்தி வாசிக்கிறேன்.

பக்கவாதம் வந்ததில் என் வீட்டுக்காரிக்குத் தமிழ் போய்விட்டது. "எப்பவாவது இப்படி ஆகும் பெரியவரே. தாய்மொழி போயிடும், பின்னால கத்துக்கிட்டது நிக்கும்" என்றார் டாக்டர். இவளுக்கு நின்றது இங்கிலீஷ். பங்களாவில் வீட்டுவேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டில் தமிழ் தெரிந்த ஆளே கிடையாது.

எடை இன்னும் இறங்கினால் மறுபடி மூக்கில் குழாய்தானாம். போன தடவை குழாயைப் பிடுங்கிப் போட்டு, தலையணையெல்லாம் ரத்தம். கையைக் கட்டிலோடு கட்டி வைத்தார்கள். அந்தக் கோலத்தை இன்னொரு முறை பார்க்க என்னால் ஆகாது. இங்கிலீஷில் சொன்னால் சாப்பிடுவாளோ?

பிப்ரவரி 11

மாடி வீட்டம்மா சொல்லித்தருகிறேன் என்றாள். வெளிதேசத்துக்காரர்களுக்குப் போனில் பதில் சொல்லும் உத்தியோகம். "எழுதிக் காட்டாதேம்மா, காதுல போடு போதும்" என்றேன். எந்தக் கலருக்கு எது எத்தனை பங்கு என்று நான் எழுதி வைத்ததே இல்லை. காதில் விழுந்தது எனக்குப் போகாது.

'ப்ளீஸ் டேக் யுவர் ஃபுட்' என்று நானாகவே ஒன்று சொல்லிப் பார்த்தேன். இவள் திரும்பவில்லை. மாடி வீட்டம்மாவுக்குச் சிரிப்பு.

"ஐயா, கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கு. வீட்ல யாரு இப்படிப் பேசுவா? பேச்சுல புழங்குற இங்கிலீஷ் வேற."

பிப்ரவரி 13

வால் பாடம். 'புட்' என்றால் வை. 'ஆன்' என்று வால் வைத்தால் உடுத்திக்கொள். 'ஆஃப்' என்றால் தள்ளிப்போடு. 'அப் வித்' என்று ரெட்டை வால் வைத்தால் சகித்துக்கொள்.

"என்னம்மா இது, வாலை மாத்தினா ஆளே மாறிடுறான்?"

"நம்ம 'போடு' மட்டும் என்னவாம்? போட்டுக்கொடு, போட்டுவாங்கு, போட்டுத்தள்ளு. வெள்ளைக்காரன் படிக்க வந்தா அழுதுட்டு ஓடுவான்."

ரெண்டு பேரும் சிரித்தோம். இவள் எங்கள் வாயைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

பிப்ரவரி 14

'ஹேங் ஆன்' என்றால் கொஞ்சம் பொறு. தொங்குவதற்கும் பொறுப்பதற்கும் என்ன சம்பந்தம்? அதெல்லாம் கேட்கக் கூடாதாம்.

பிப்ரவரி 19

'ஹவ் ஆர் யூ ஹோல்டிங் அப்' — எப்படித் தாக்குப்பிடிக்கிறாய் என்று பிரியமாகக் கேட்பது. 'சியர் அப்' — மனசு விடாதே. நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்பது போல உட்கார்ந்திருக்கிறாள். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது.

மகள் போனில் வந்தாள். "விட்ருங்கப்பா. குழாயே போட்ரலாம்."

"உனக்கென்ன, அங்க உக்காந்துக்கிட்டு சொல்லிட்ட" என்று வைத்துவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்?

பிப்ரவரி 22

கிண்ணம் என் கை தவறி விழுந்தது. பால் தரையெல்லாம். இவள் சடாரென்று குனிந்து, நல்லாயிருக்கிற இடது கையால், கட்டியிருந்த சேலையாலேயே துடைக்க ஆரம்பித்தாள்.

'சாரி மேடம். ஐ க்ளீன் அப், மேடம்.'

வாதம் வந்த பிறகு இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியது இதுதான். மேடம் என்றது என்னை.

மாடி வீட்டம்மாவிடம் சொன்னேன். "அம்மாகிட்ட யாரும் இங்கிலீஷ்ல 'எப்படி இருக்கே'ன்னு கேட்டிருக்கவே மாட்டாங்க போல ஐயா. காதுல விழாத பேச்சு எப்படிப் புரியும்?" என்றாள்.

பிப்ரவரி 23

அவள் காதில் விழுந்த பேச்சு எது என்று எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் பங்களா கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு நிற்பேன். உள்ளேயிருந்து அந்த எஜமானியம்மா குரல் வரும். 'ஹரி அப்.' 'கெட் ஆன் வித் இட்.' 'டோன்ட் ஆன்சர் பேக்.' அர்த்தம் தெரியாது, ராகம் தெரியும். பின்னங்கழுத்தில் தட்டுகிற ராகம்.

இவள் வெளியே வருவாள். முகத்தைத் துடைத்துக்கொள்வாள். "வந்து ரொம்ப நேரமாச்சா?" என்பாள். ஒரு நாளும் அதைக் கேட்காமல் சைக்கிளில் ஏறியதில்லை.

இன்றைக்கு எல்லாவற்றுக்கும் அர்த்தம் கேட்டேன். மாடி வீட்டம்மா, "வேணாம் ஐயா" என்றாள். நான் விடவில்லை. சீக்கிரம் ஆகட்டும், வேலையைப் பார், எதிர்த்துப் பேசாதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

பிப்ரவரி 24

'கம் ஆன். ஈட் அப். ஹரி அப்.'

அந்தம்மா ராகத்திலேயே சொன்னேன். முழு ரொட்டியும் சாப்பிட்டாள். தலை நிமிரவேயில்லை. கிண்ணத்தை நீட்டி 'தேங்க் யூ மேடம்' என்றாள்.

குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு — ச்சே. என்ன பொழப்புடா இது. கட்டிக்கிட்ட நாள்லேருந்து அவள ஒரு அதட்டு அதட்டினதில்லையே நான். இப்ப போய் —

மார்ச் 2

எடை ஏறியிருக்கிறது. குழாய் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "என்ன மந்திரம் போட்டீங்க பெரியவரே?" என்று தோளில் தட்டினார்.

மார்ச் 3

ஈட் அப். மூன்று வேளையும்.

மார்ச் 8

சாப்பிட்டு முடித்தும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. படுக்க வைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். யாரோ போகச் சொல்லக் காத்திருக்கிறாள்.

"வேலை முடிஞ்சதும் அந்தம்மா என்ன சொல்லும், ஞாபகம் இருக்கா?" என்றாள் மாடி வீட்டம்மா.

இல்லாமலா? 'ஆஃப் யூ கோ.' அந்த வீட்டு இங்கிலீஷில் நான் ஆசையாகக் காத்திருந்தது அது ஒன்றுக்குத்தான். அதைச் சொன்னதும் வெளியே வருவாள். வெளியே வந்துவிட்டால் தமிழ்தான்.

நாளைக்குச் செய்து பார்க்கப்போகிறோம். மாடி வீட்டம்மா உள்ளே நிற்பாள், நான் வெளியே. என் சைக்கிள் எப்போதோ போய்விட்டது. பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 9

சாயங்காலம் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து 'ஆஃப் யூ கோ' கேட்டது. செருப்பைத் தேடுகிற சத்தம். சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சொல்லு. வந்து ரொம்ப நேரமாச்சா. சொல்லேன்டீ.

என்னைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டித் தெருக்கோடியைப் பார்த்தாள். உள்ளே கூட்டிப் போகலாம் என்று கையைத் தொட்டேன். வழியில் போகிற ஆளிடம் காட்டுகிற மரியாதையோடு கையை விலக்கிக்கொண்டாள்.

'மை ஹஸ்பண்ட் பிக் மீ அப்.'

வீட்டுக்காரர் வந்து கூட்டிப்போவாராம். பிக் அப் எனக்குப் பாடம் ஆகிவிட்டது. மாடி வீட்டம்மா கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு வேறெதுவும் வரவில்லை. 'ஹேங் ஆன்' என்றேன். கொஞ்சம் பொறு.

தலையை ஆட்டினாள். முதல் தடவையாக, நான் சொன்ன இங்கிலீஷுக்கு மேடம் போடாமல் பதில் சொன்னாள்.

'ஹி ஆல்வேஸ் டர்ன் அப்.'

எப்படியும் வந்துவிடுவாராம். ஒரு நாளும் வராமல் இருந்ததில்லையாம்.

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, நானும் அவள் பக்கத்தில் நின்று தெருக்கோடியைப் பார்த்தேன்.