பதினேழாம் வரிசை, இருபத்து மூன்றாம் கட்டம்

தேற்றாத்தீவு
12.10.2009

அன்பு மகள் நிருஷாவுக்கு,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன், வாசிக்க வாசிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஒளியை வேண்டிய பக்கம் திருப்புகிற கண்ணாடி செய்கிறாய், அதற்காக ஒரே தகட்டில் இரண்டாயிரம் சிறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மாற்றிய கோலம், எல்லாவற்றையும் ஒரேயடியாக அளந்து எது நல்லது என்று பார்க்கிறீர்கள், சரி. வயல் வட்டையில் பாத்திக்குப் பாத்தி விதைநெல்லை மாற்றி விதைத்துப் பார்க்கிற மாதிரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சரிவராத தகடு, ஞாபகத்துக்கு வைத்திருங்கள் என்று ஆனியில் நீதானே அனுப்பினாய். இப்போது பழைய அளவுகளைத் திரும்பப் பார்த்தபோது அதில் பதினேழாம் வரிசை, இருபத்து மூன்றாம் கட்டம்தான் தேடிய கட்டம் என்று தெரிந்ததாம், உடனே திருப்பி அனுப்ப வேணுமாம். பத்துத் தரம் புதிதாகச் செய்தும் அது வரவில்லையாம். அதே கோலம்தானே, ஏன் வராது?

மகள், கோபிக்காதே. சரஸ்வதி பூசைக்கு அம்மா அந்தத் தகட்டைக் கும்பத்தடியில் வைத்துச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார், பொட்டும் சின்னதல்ல, காய்ந்து ஒட்டிவிட்டது. ஈரத்துணியோடு போனவன் பயந்துபோய், பஸ் ஏறிக் காத்தான்குடியில் மூக்குக்கண்ணாடிக் கடை முனாப்பிடம் கொண்டுபோனேன். அவர் பெரிதாக்கும் கண்ணாடி வைத்து எண்ணினார். ஒரு பக்கமிருந்து எண்ணினால் உன் கட்டம் பொட்டுக்கு வெளியே, தகட்டைத் திருப்பி எண்ணினால் பொட்டுக்குள்ளே. எது மேல் எது கீழ் என்று நீ எழுதவில்லையே. துடைத்துத் தரக் கேட்டேன். “நான் கை வைக்க மாட்டன் அண்ணே, பொட்டோட சேர்ந்து மகள்ட வேலையும் போயிரும்” என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவை நன்றாக ஏசினேன். கடைசியில்தான் காரணத்தைச் சொன்னார். நீ வந்தாறுமூலைக் கம்பசில் படித்த புத்தகம், கொப்பி எல்லாவற்றையும் சுனாமியில் கடல் கொண்டுபோன பிறகு நாலு பூசை உன் பேருக்கு வைக்க ஒன்றுமில்லாமல் நடந்ததாம். “இந்த வருசம்தானே பிள்ளைட பொருள் எண்டு ஒண்டு கையில இருந்திச்சு” என்றார். ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை, வெட்கமாகிவிட்டது.

நாட்டில் சண்டை முடிந்தும் தபால் கந்தோரில் பார்சலைப் பிரித்துத்தான் பார்க்கிறார்கள். ஒளியைத் திருப்புகிற சாமான் என்றால் என்னையல்லவா பிடித்து வைப்பார்கள். மகள் செய்த கண்ணாடி என்று மட்டும் சொல்வேன். பொட்டைத் துடைக்காமலே பஞ்சில் சுற்றி அனுப்புகிறேன், விபரம் தெரிந்தவர்களைக் கொண்டு எடு. உன் நாலு வருச உழைப்பு எங்கள் கையால் கெட்டிருந்தால் மறைக்காமல் எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு, உனக்கு ஒரு குறையும் வராது. அந்தக் கட்டம் தப்பினாலும் தப்பாவிட்டாலும், அடுத்த பூசைக்கு முன்னம் ஒன்றுக்கும் உதவாத தகடு ஒன்று அனுப்பி வை. அம்மா கேட்கச் சொல்லவில்லை, நான்தான் கேட்கிறேன்.

உன் நன்மையையே நினைத்திருக்கும்
அப்பா
க. கோணாமலை