கதவு சென்சாரும் அப்பாவும்

ராஜகீழ்ப்பாக்கம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மிருதுளாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கேயும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் கடிதம். மூன்று நாளாக எல்லாம் சரி என்று உன்னிடம் சொன்னது பொய். வியாழக்கிழமை அப்பா காணாமல் போய்விட்டார். பதறாதே, கிடைத்துவிட்டார், இப்போது ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அப்பா மறதியில் வெளியே போனால் தெரியட்டும் என்று, ஊருக்கு வந்த உன் சிநேகிதன் ஷ்யாம்சுந்தரிடம் நீ கொடுத்தனுப்பிய கதவு சென்சாரோடு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். ஆப் போட்டு, பாஸ்வேர்டை நாலு தரம் தப்பாக அடித்து, ஆரஞ்சு விளக்கு நீலமாக மாறவே மூன்று நாள் ஆயிற்று. கதவு திறந்ததும் என் போன் கூவியபோது நீ அங்கே வீடியோ காலில் கை தட்டினாய். ஆனால் தினமும் மத்தியானமானால் ஆஃப்லைன் என்று காட்டும். நீ சொன்னபடி ஊசியை அந்த ஓட்டையில் குத்திப் பத்து எண்ணி, எத்தனை தரம் ரீசெட் செய்தேன் என்று கணக்கே இல்லை. "அம்மா, நீங்க ஏதோ தப்பா பண்றீங்க" என்று நீயும் அலுத்துக்கொண்டாய். வியாழக்கிழமை காலை நன்றாக வேலை செய்தது. அதை நம்பிச் சாப்பிட்ட பிறகு கொஞ்சம் கண்ணை மூடினேன் மிருது, இந்த ஒரு வருஷத்தில் பகலில் நான் படுத்ததே அன்றுதான். எழுந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது, போன் ஒரு சத்தமும் போடவில்லை.

செருப்புகூடப் போடாமல் கேம்ப் ரோடு வரை ஓடினேன். எதிர் வீட்டு அமலராணி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனில் ஒவ்வொரு பிளாட்பாரமாகப் பார்த்தாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் அவர் போட்டோவைக் காட்டினேன், சட்டை என்ன நிறம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாலு மணிக்கு நம் தெருவில் மீன் விற்கும் பொன்னி கூப்பிட்டாள். "யம்மா, சார் எங்க கோவளம் பஸ்ல தனியா குந்தினு வந்தாரு. இன்னா கேட்டாலும் லைன்ல கரண்ட் இல்ல, போய் பாக்கணும்னு சொல்லிகினு கீறாரு. எங்க வூட்டாண்ட குந்த வெச்சிகிறேன், நீ பதறாம வா" என்றாள். கோவளத்துக்குப் போய்ப் பார்த்தால் அவள் வீட்டு வாசலில் மோர் குடித்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்து, "நீங்கதான் கம்ப்ளைண்ட் கொடுத்ததா?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றுதான் சொல்ல முடிந்தது. ஆட்டோவில் பாதி வழி வந்த பிறகுதான் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

மறுநாள் மத்தியானம் தூங்குவதுபோல் படுத்துப் பார்த்தேன். அப்பா எழுந்தார், ஃபேனை அணைத்தார், டிவியை அணைத்தார், கடைசியில் வைஃபை பெட்டியின் சுவிட்சையும் அணைத்தார். அது இல்லாமல் சென்சார் எப்படிக் கூவும்; சாயங்காலம் டிவி போடும்போது அவரே அதையும் திரும்பப் போட்டுவிடுவதால் இத்தனை நாள் எனக்குப் பிடிபடவில்லை. ஆள் இல்லாத இடத்தில் கரண்ட் எதற்கு என்று ஆயுசு முழுக்கச் செய்ததுதானே. என் மேலும் தப்பில்லை, உன் சென்சார் மேலும் தப்பில்லை. நேற்று எலக்ட்ரீஷியன் சிட்டிபாபு வந்து பெட்டியைப் பரண் மேல் ஏற்றி, சுவிட்ச் இல்லாமல் நேராக லைன் கொடுத்துவிட்டார். இப்போது ஒழுங்காகக் கூவுகிறது. கூவி என்ன பயன்? இந்த முட்டியோடு அவர் பின்னால் ஓட வேண்டியது நான்தானே. குளிக்கப் போகப் பயம், மாடிக்குத் துணி காயப்போடப் பயம். என்னால் முடியவில்லை கண்ணு. டிசம்பரில் வருகிறேன் என்றாய், டிசம்பரில் உன்னை அவருக்கு அடையாளம் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த மாதமே வா. பத்து நாள் போதும், அடுத்து என்ன செய்வதென்று சேர்ந்து யோசிக்கலாம்.

ஒன்று மட்டும் மறக்காதே, போனில் சுவிட்ச் பேச்சை எடுக்காதே. முப்பத்திரண்டு வருஷம் மின்வாரியத்தில் இருந்தவர், தன்னால்தான் என்று தெரிந்தால் தாங்க மாட்டார். நான்தான் சென்சாரைத் தப்பாகப் பொருத்திவிட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். "பரவால்ல விடு, எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான்" என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று எந்நேரமும் வேண்டிக்கொள்ளும்,

உன் அம்மா