பாயிண்ட்டை விற்ற வாரம்

14 மே, செவ்வாய்

கத்திரி. எட்டு மணிக்கே முகப்பேர் பஸ் நிறுத்தத்தில் நிற்க முடியவில்லை. தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. நம் பிளாக்கின் குடங்கள் நேற்றிலிருந்து வரிசையில்.

பேப்பரில் என் செய்தி. மூன்றாம் பக்கம். நான் எழுதிக் கொடுத்தது: மொத்த விலைக் கணக்குப்படி விலை ஏறும் வேகம் குறைந்திருக்கிறது. விலை குறையவில்லை, முன்பைவிட மெதுவாக ஏறுகிறது. கடையில் நாம் கொடுக்கிற விலைக்கு வேறு கணக்கு, அது இவ்வளவுகூடத் தணியவில்லை. இதைக் கடைசிப் பத்தியில் தெளிவாகவே சொல்லியிருந்தேன்.

அச்சில் வந்தது: தலைப்பு, "விலைவாசி சரிந்தது". கடைசிப் பத்தி இல்லை. விளம்பரம் வந்துவிட்டதாம்.

வீட்டில் பார்வதி படித்தாள். "எந்த ஊர்ல?" என்று கேட்டாள். அதோடு சரி. பையை எடுத்துக்கொண்டு மளிகைக்குப் போனாள். திரும்பி வந்து சொன்னது:

பு. அரிசி – ஏற்றம்.
து. பருப்பு – ஏற்றம்.
கடலை எண்ணெய் – ஏற்றம்.
வெங்காயம் – இறக்கம். "இந்த வாரத்துக்குத்தாம்மா" என்றாராம் கடைக்காரர்.
மண்ணெண்ணெய் – இல்லை.

செருப்பு தைக்கக் கொடுக்க வேண்டும்.

15 மே, புதன்

ஏகாம்பரம் போன். உடனே வரச் சொன்னார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் ஆபரேட்டர். அங்கே சங்கச் செயலாளரும் அவர்தான். சேக்காட்டில் வீடு. பதினைந்து வருடப் பழக்கம், இதுவரை ஒரு தப்பான தகவல் கொடுத்ததில்லை. கேட்டுக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்தோம்.

விஷயம் இது. அங்கே சம்பளம் இரண்டு துண்டு. அடிப்படைச் சம்பளம், அதன் மேல் பஞ்சப்படி. பஞ்சப்படியை விலைப் புள்ளியோடு கட்டியிருக்கிறார்கள். ஊரில் சாமான் விலை ஏறினால் புள்ளி ஏறும், புள்ளி ஏறினால் சம்பளம் ஏறும். யார் காலிலும் விழ வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏகாம்பரம் லேபர் ஆபீசுக்குப் போய், புள்ளியைத் துண்டுச் சீட்டில் எழுதி வந்து, டைம் ஆபீஸ் பக்கத்துப் பலகையில் ஒட்டுவார். அன்று முழுக்க ஒரே கேள்விதான்: "இன்னா அண்ணாத்தே, எத்தினி பாயிண்ட்டு?"

மூன்று வருட ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. முதலாளி புதிதாக ஒன்று வைத்திருக்கிறார். பாயிண்ட்டை விட்டுவிட வேண்டும். பஞ்சப்படி இன்று இருக்கிற இடத்திலேயே மூன்று வருடம் நிற்கும். பதிலுக்கு ஆளுக்கு ஒரு மொத்தத் தொகை, ஜூன் ஒன்றாம் தேதி கையில்.

ஏ. என்னைப் பலகைக்கு அழைத்துப் போனார். புள்ளிச் சீட்டுக்கு மேலே என் செய்தி. அழகாகக் கத்தரித்து, தலைப்பின் கீழ் சிவப்பு மையில் கோடு.

"இன்னா சார் இப்டி எய்திட்ட?" என்றார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. கோபமே இல்லை.

"மீட்டிங்ல மொதலாளி இத்த படிச்சுக் காட்னாரு சார். வெல எறங்குது, இனிமே பாயிண்ட்டு எறங்கும், கூடவே உங்க சம்பளமும் எறங்கும், இப்பவே பூட்டு போட்டுக்கங்கன்றாரு. பசங்க பயந்துகினு கீறானுங்க."

"புள்ளி இறங்காது ஏகாம்பரம். மெதுவா ஏறும். மெதுவா ஏறினாலும் மூணு வருஷத்துல ஏறினது ஏறினதுதான்."

"எனக்குத் தெரியுது. பதினோரு வருசமா அந்தச் சீட்ட நாந்தான் எய்திகினு வரேன். ஒரே ஒரு வாட்டி எறங்கிச்சு, ரெண்டு பாயிண்ட்டு. அந்த மாசம் கவர்ல துளி கம்மி. ஊட்ல பொம்பளைங்கோ மீதி எங்கய்யானு கேட்டுக்கிறாங்க. ஏறுனதெல்லாம் மறந்துட்டானுங்க சார். அந்த ரெண்டு பாயிண்ட்ட மட்டும் இன்னும் சொல்லிகினு கீறானுங்க."

திரும்பும்போது பஸ்ஸில் தோன்றியது. விலை இறங்கும் என்று முதலாளி நிஜமாகவே நம்பினால், பாயிண்ட்டை ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்? சும்மா விட்டாலே சம்பளம் தானாகக் குறையுமே, அவருக்குத்தானே லாபம்? கைக்காசு போட்டு வாங்குகிறார் என்றால் அது ஏறும் என்று தெரிந்த ஆள். இந்த ஒரு கேள்வியை மீட்டிங்கில் ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

என் பெயரில்லாத செய்தி. இருந்தாலும் என் செய்தி.

16 மே, வியாழன்

ஆபீஸ். செய்தி ஆசிரியரிடம் போனேன். திருத்தம் போட வேண்டும், நாலு வரி போதும் என்றேன். 

"தப்பு எதுல சார்? பணவீக்கம் சரிஞ்சுதா இல்லையா?"

"பணவீக்கம் சரிஞ்சுது. விலை சரியல."

"வாசகனுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"ஒரு கம்பெனியில அதை வெச்சு சம்பளத்தை நிறுத்தப் பாக்கறாங்க."

"அதையே செய்தியாக் குடுங்க. ஒப்பந்தம் முடிஞ்சதும் குடுங்க." பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். 

இருபத்தேழு வருடம். விபத்தில் செத்தவர் வயதை ஒன்று கூட்டி எழுதியதற்காக வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இங்கே ஒரு கம்பெனி ஆட்களின் மூன்று வருடம். நாலு வரிக்கு இடமில்லை. பக்கத்து மேசையில் பனியன் விளம்பரத்துக்கு அரைப்பக்கம் அளந்துகொண்டிருந்தார்கள்.

வாதாடினேன். குரல் உயர்ந்துவிட்டது. அச்சுக்கோக்கும் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்கள். நாற்காலியைத் தள்ளிய வேகத்தில் மைப் புட்டி கவிழ்ந்தது. துடைத்தது நானேதான்.

பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது. தண்ணீர் லாரி வந்துவிட்டுப் போனதாம், நம் குடங்களில் நாலு நிறைந்தன.

17 மே, வெள்ளி

ஏ. காலையிலேயே போன். மூன்றரைக்கு ஷிஃப்ட் மாறும்போது கேட் மீட்டிங், அங்கேயே கை தூக்கி முடிவு. "நீயே வந்து சொல்லிடு சார். நா சொன்னா சங்கத்துக்காரன் அப்டித்தான் சொல்லுவான்றானுங்க."

கேட் மீட்டிங்கில் நான் நோட்டுடன் ஓரமாக நிற்கிறவன். பேசியதே கிடையாது. பேசக் கூடாது என்பது நானே வைத்துக்கொண்ட விதி. இன்று டீக்கடை பெஞ்சில் ஏறினேன்.

சொன்னேன். விலை குறையவில்லை, ஏறும் வேகம்தான் குறைந்தது. வண்டி மெதுவாகப் போகிறது, பின்னால் வரவில்லை. தலைப்பு தப்பு, தப்பு எங்களுடையது.

"பேப்பர்ல ஒண்ணு, பெஞ்சு மேல ஒண்ணா? எத்த நம்புறது நைனா?" என்றான் பெயிண்ட் செக்‌ஷனிலிருந்து ஒருவன். சிரிப்பு.

"பெருசு, நாளிக்கி இதுக்கும் ஒரு திருத்தம் போடுவியா?" இன்னும் சிரிப்பு.

பஸ்ஸில் தோன்றிய கேள்வியைக் கேட்டேன். இறங்கப்போகிற சரக்கை எந்த முதலாளியாவது காசு கொடுத்து வாங்குவாரா? சிரிப்பு நின்றது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

ஏ. கேட்டார்: "பாயிண்ட்ட உடலாம்ன்றவங்க கையத் தூக்குங்க."

எங்கும் கைகள். எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு பேக்கிங் செக்‌ஷன் சரோஜா என்னிடம் வந்தார். நூம்பலிலிருந்து வருகிறவர். அவர்கள் நிலம் இருந்த இடத்தில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள், விற்ற பணம் மாமனார் வைத்தியத்தோடு தீர்ந்தது. முன்பு ஒரு முறை பேசியிருக்கிறேன்.

"நீங்க எதுக்கு சார் வெயில்ல நின்னு கத்துறீங்க?"

"நான் எழுதினதை வெச்சுத்தானேம்மா உங்களை ஏமாத்திட்டாங்க?"

"யாரு ஏமாந்தா? வெல எறங்குதுன்னு உங்க பேப்பரு சொன்னா நாங்க நம்பிடுவோமா? தெனம் கடைக்குப் போறது நானு. அதெல்லாம் ஏறத்தான் செய்யும்."

"தெரிஞ்சுமா கையைத் தூக்கினீங்க?"

"பொண்ணுக்குப் பாலிடெக்னிக்ல எடம் கெடைச்சிக்கீது சார். ஜூன் அஞ்சாந்தேதிக்குள்ள கட்டணும். உங்க பாயிண்ட்டு எப்போ ஏறும், செப்டம்பர்லயா? அதுவரைக்கும் காலேஜ்காரன் கதவத் தொறந்து வெச்சிகினு நிப்பானா?"

அவர் பஸ்ஸுக்கு ஓடினார்.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. பயந்தவர்கள் பாதிப் பேர் இருக்கலாம். மீதிப் பேர் கணக்குத் தெரிந்தே கை தூக்கியவர்கள். தொகை ஏன் ஜூன் ஒன்றாம் தேதி? ஜூலையாக இருந்தால் இத்தனை கை எழுந்திருக்குமா? பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று முதலாளிக்குத் தெரியும். என் தலைப்பு அவருக்கு மேலுக்கு ஒரு பூச்சு, அவ்வளவுதான். நான்கு நாளாக அதையே பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறேன். ஒரு பெண்ணிடமாவது வீட்டில் என்ன செலவு நிற்கிறது என்று கேட்டேனா? கேட்கவில்லை. கேட்கிறதுதான் என் தொழில்.

பார்வதி: "சாப்பிட்டுட்டுத் திட்டுங்க."

18 மே, சனி

வெயில் குறையவில்லை. பம்ப் கம்பெனி ஆபீஸ் அறையில் ஒப்பந்தக் கையெழுத்து. விசிறி, நீள மேசை, லட்டு. முதலாளி எழுந்து வந்து கை கொடுத்தார். "உங்க பேப்பர் தொழிலாளர்களுக்கு நல்லது பண்ணியிருக்கு சார்." மரியாதையான மனிதர். குரலில் கிண்டல் துளியும் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார். கையை எடுத்துக்கொண்டேன். லட்டு தொடவில்லை.

ஒப்பந்தம் ஆறு பக்கம். பஞ்சப்படி விஷயம் நாலாவது பக்கத்தில், ஒரே வாக்கியம். ஏ. அதை இரண்டு முறை படித்தார். மானேஜர் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டிக்கொண்டே இருந்தார்.

"செயலாளர் போட மாட்டேன்னு சொல்லலாமே" என்று காதோரம் கேட்டேன்.

"மெஜாரிட்டி சொன்னா போட்டுத்தான் ஆவணும். சங்கம்னா அதானே சார்."

பக்கத்துக்கு ஒன்றாக ஆறு கையெழுத்து. ஒவ்வொன்றும் முழுப்பெயர், அவசரமில்லாமல். வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்தவர் நிமிராமலே பேசினார்.

"நேத்து மொத்த கூட்டத்துல கையத் தூக்காதவன் நா ஒருத்தன் சார். மூணு வருசம் கழிச்சு எவனாவது எட்த்துப் பாத்தா, அதுல கீறது என் கையெய்த்து மட்டுந்தான்."