தீப்பெட்டி அளவில் ஒரு கார்ப் பந்தயம்

12.8.94, வெள்ளி இரவு

பினாங்கு வாழ் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு: எங்கள் வீட்டுக் கிழட்டுக் கணினியில் கார்ப் பந்தயம் இன்று முதல் பறக்கிறது! புதுக் கணினி கேட்டால் அப்பா, "முதல்ல புது மார்க்கு காட்டு லா" என்பார். அதனால் விளையாட்டின் படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கினேன். கணினிக்கு வேலை குறைந்ததும், திக்கித் திணறிய கார் சீறியது.

தங்கை மீனா திரையில் மூக்கை ஒட்டினாள். "அண்ணே, இது காரா, எறும்பா?"

"வேகத்தைப் பாரு லா! தோக்கிறவங்க பாத்திரம் கழுவணும், சரியா?"

அவள் அழகாக ஓட்டி முடித்தாள். நான் முதல் வளைவிலேயே சுவரில் மோதினேன்.

நான் கழுவக் கழுவ, அவள் பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்தாள். "பாவம்ணே நீ. பழையபடி மெதுவாக்கிடு."

"வீரன் பின்வாங்க மாட்டான்!" என்றேன்.

அவள் தூங்கியதும் படத்தைப் பெரிதாக்கிவிட்டேன். கணினி திணறும் வேகம்தான் எனக்கு ஓட்டத் தெரிந்த வேகம்.