அப்பாவுக்குக் கட்டம் இல்லை

ஏப்ரல் 7, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். சொல்ல ஆள் இல்லாவிட்டால் எழுதியாவது வைப்போம். காலையிலேயே மண்டையைப் பிளக்கிற வெயில். ஆபீஸில் என் தலைக்கு மேல் உள்ள ஃபேன் மட்டும் இன்னும் பழுது. மற்றதெல்லாம் ஓடுகிறது.

என் வேலையை ஒரு தடவை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஊர் ஊராக விளையாட்டு மையம் நடக்கிறது. பெற்றவர்கள் குழந்தையோடு பாயில் உட்கார்ந்து பேச வேண்டும், பாட வேண்டும், படம் காட்ட வேண்டும். நான் போய்ப் பார்த்து மதிப்பெண் போடுகிறேன். நல்ல திட்டம். இதை ஒப்புக்கொள்வது கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் திட்டத்தை எழுதியது பிரபாகர்.

பிரபாகர், இனி பி., இப்போது என் இயக்குநர். ஒரு காலத்தில் என் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன். ஒரு தாயிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். போன அறிக்கையில் என் பெயர் நன்றியுரையில் வந்தது. டிரைவர் பெயருக்குக் கீழே.

மையங்கள் மொத்தம் ஐந்து. மதிப்பெண்ணில் கடைசியாக வருவதை மூடிவிடுவார்கள். பணம் கொடுக்கிற பெங்களூர்க்காரர்கள் முடிவு. இப்போதைக்குக் கடைசி, திண்டுக்கல் ஆத்தூர்ப் பக்கத்துப் பூக்காட்டு ஊர். ஊர்ப் பெயரை இங்கேகூட எழுதப் போவதில்லை. நாளை அங்கே.

வாங்க: சர்க்கரை மாத்திரை. டேப்லெட்டுக்கு சார்ஜர் வயர். செருப்புத் தைக்க.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஏழு மணி பஸ். நின்றுகொண்டே பயணம்.

மையம் என்பது சமுதாயக்கூடத்தின் பின்னறை. நடத்துபவர் ஆரோக்கியமேரி, முப்பது வயதிருக்கும், வெடுக்கென்று பேசுவார். என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை: "கேட்ட பொம்மை வந்துச்சா, வெறுங்கையாத்தேன் வந்தீகளா?"

வெறுங்கைதான்.

பாயில் குழந்தைகள். ஒவ்வொரு குழந்தைக்கும் பக்கத்தில் ஒரு அப்பா. அம்மா ஒருத்திகூட இல்லை.

இது மல்லிகை சீசன். இருட்டிலேயே பெண்கள் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு மொட்டெடுக்கப் போய்விடுவார்கள். முதல் மூட்டையை ஆண்கள் பைக்கில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் போட்டுவிட்டு ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். பெண்கள் காட்டைவிட்டு ஏற உச்சிவெயில் ஆகும். மதியம் வைக்கலாமே என்றால், அப்போதுதான் அவர்கள் கண்ணை மூடுகிற நேரம். ஆகவே ஆரோக்கியமேரி அப்பாக்களைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார வைத்திருக்கிறார். அதட்டியிருப்பார், வேறென்ன.

வாசலில் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். "ஏலே முருகேசா, இந்த வருசமாச்சும் பாஸாயிருவியா?"

முருகேசன் நிமிரவில்லை. "நீ ரெண்டாப்புலயே ஓடிப்போன ஆளு. உனக்கெதுக்கு அந்தக் கவல? போப்பு."

முருகேசன் மகள் கவியா. இரண்டரை வயது. போன வருடம் நான் வந்தபோது ஒரு சொல் கிடையாது. காது கேட்கவில்லையோ என்று மதுரை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார்கள். காதில் ஒன்றும் இல்லை. அதோடு பேசத்தான் ஆள் இல்லை. காலையில் அம்மா காட்டில், வீட்டில் இருக்கிற அப்பாவுக்குப் பிள்ளையிடம் என்ன பேசுவதென்று அப்போது தெரியாது, மதியம் எல்லோரும் தூக்கத்தில்.

இன்று துணிப் புத்தகத்தைப் புரட்டி எல்லாப் படத்தையும் மாடு என்றது. யானையும் மாடு. கோழியும் மாடு.

முருகேசன்: "மேரிம்மா, யானையப் பாத்து மாடுங்குது. திருத்தவா, விட்டுரவா?"

"அதட்டித் திருத்தாதீகண்ணே. ஆமா பெருசா இருக்கு, இதுக்குப் பேரு யானைன்னு சொல்லுங்க."

"ஆமா தாயி, பெருசா இருக்கு. இதுக்குப் பேரு யானை."

கவியா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தது. "யான மாடு."

பாயில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும்.

பிறகு கேள்வித்தாள் இருக்கிற டேப்லெட்டை எடுத்தேன். முதல் கேள்வி: தாய் வந்திருக்கிறாரா? இல்லை என்று தொட்டதும் அடுத்த கேள்விகள் மொத்தமும் மறைந்துவிடும். கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா, குழந்தை சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாரா, சேர்ந்து சிரிக்கிறாரா, எதுவும் கேட்காது. நேராக 'நன்றி' என்று ஒரு பக்கம். ஒவ்வொரு குழந்தைக்கும் 'நன்றி', 'நன்றி' என்று வந்துகொண்டே இருந்தது. அப்பாவுக்கு என்று ஒரு கட்டம்கூட இல்லை.

ஐந்து மையங்களில் அப்பாக்கள் வருகிற மையம் இது ஒன்றுதான். அதற்குத்தான் பூஜ்யம்.

ஏப்ரல் 9, புதன்

பி.யிடம் பேசினேன். அவன் அறையில் ஏசி. எனக்குத் தும்மல்.

"அப்பான்னு ஒரு கட்டம் சேருங்க. அவ்வளவுதான் கேக்குறேன்."

"சார், ஆரம்பத்துல எதை அளந்தோமோ அதைத்தான் கடைசியிலயும் அளக்கணும். நடுவுல மாத்தினா எவன் நம்புவான்? நீங்களே எனக்குச் சொல்லிக் குடுத்ததுதானே."

நான் சொல்லிக் கொடுத்ததுதான். அவன் சொல்வதிலும் தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

"குறிப்புப் பகுதியில எழுதுங்க சார்."

"போன தடவை எழுதினேனே. படிச்சீங்களா?"

"நீங்க எழுதுறதையெல்லாம் படிக்க தனியா ஒரு ஆளுதான் போடணும்."

அவனைச் சொல்லி என்ன. இந்த மூன்று வருடத்தில் நான் பெங்களூருக்குப் போட்ட மெயில்கள்: நாற்காலி பற்றி. பயணப்படி பற்றி. என் பயிற்சிப் பாடத்தைப் பெயர் போடாமல் பயன்படுத்தியது பற்றி (மூன்று மெயில்). ஃபேன் பற்றி. அங்கே எனக்கு 'மெயில் சார்' என்று பெயராம். டிரைவர் சொன்னார். சந்தோஷமாகச் சொன்னார்.

கடைசியில் பி. இரக்கப்பட்டு ஒரு சலுகை கொடுத்தான். நாளைக்கே இன்னொரு தடவை பார்க்கலாம், அவனே வருகிறானாம். அம்மாக்கள் வந்தால் புது மதிப்பெண். "நாளன்னைக்குப் பங்குனி உத்திரம்யா, நாளைக்குப் பூக்காட்டுல எவளும் நிமிரக்கூட மாட்டா" என்றேன். காலண்டரைப் பார்த்தான். "நாளைக்கு லீவு இல்லையே சார்."

சாயந்திரம் ஆரோக்கியமேரி போன். பி. நேரடியாகப் பேசிவிட்டானாம். இவரும் வீடு வீடாகப் போய் அம்மாக்களிடம் சொல்லிவிட்டாராம். ஆண்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டாராம்.

"அது வேணாம்மா. சரியா வராது."

"அப்ப என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க சார்."

பார்க்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டார்.

ஏப்ரல் 10, வியாழன்

பி.யின் காரில். வழியெல்லாம் அவன் போனிலேயே இருந்தான். நல்லதாகப் போயிற்று.

அம்மாக்கள் வந்திருந்தார்கள். எல்லோரும். வருடத்திலேயே பூவுக்கு மவுசான நாளில் பாதிக் காட்டை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஒருத்தி சொன்னாள்: "காட்டுக்காரரு, இன்னிமே இந்தப் பக்கமே வராதன்னுட்டாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். முந்தானையில் மொட்டு ஒட்டியிருந்தது. மூலையில் ஒருத்தி சுவரில் சாய்ந்த உடனே தூங்கிவிட்டாள். அவள் பையன் அவள் கண்ணிமையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆண்கள் வெளியே, தண்ணீர்த் தொட்டிப் பக்கம். போகச் சொல்லியும் போகவில்லை.

கவியாவின் அம்மா ஜோதி புத்தகத்தை விரித்து, "இது என்னா? சொல்லு. இது என்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பரீட்சை போல. வேறு எப்படிக் கேட்பாள், அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள். கவியா புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தது. வாசலைத் தாண்டி நேரே தொட்டிக்குப் போனது.

முருகேசன் தொட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

"அம்மாட்டப் போ தாயி. அப்பா இங்கன இல்ல."

"இருக்கே."

நான் வாசலில் நின்று கேட்டேன். இருக்கே. யானையையும் மாட்டையும் விட்டுவிட்டு இப்படி ஒரு சொல் அந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது. இதை எந்தக் கேள்விக்குக் கீழே போடுவது?

உள்ளேயிருந்து பி.: "சார், குழந்தை பாயை விட்டு வெளிய போயிருச்சு. மார்க் பண்ணிக்குங்க."

கேள்வி: குழந்தை தாயை நாடுகிறதா? 'இல்லை' தொட்டேன். தொடாமல் இருந்திருந்தால் அவன் தொட்டிருப்பான்.

முடிந்து கிளம்பும்போது ஜோதி கார் வரைக்கும் வந்தாள். "நான் போறப்ப அது தூங்கிட்டிருக்கும் சார். நான் வந்து படுக்கிறப்ப முழிச்சிருக்கும். அதுக்கு அவுகதேன் எல்லாம்." பிறகு, "அப்ப எங்கிட்டதேன் கோளாறா சார்?"

இல்லம்மா என்றேன். கதவைச் சாத்திக்கொண்டிருந்தான் பி. அவள் காதில் விழுந்ததோ என்னவோ.

குழந்தைகளும் குடும்பங்களும் நன்றாக இருப்பதற்கு என்று போனோம். போன வாரம் வரை அவளுக்கு இந்தக் கேள்வி கிடையாது.

ஏப்ரல் 12, சனி

நேற்று ஆபீஸே போகவில்லை. வயிறு சரியில்லை என்றேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

இன்று அறிக்கை வரைவு வந்தது. அந்த ஊர் கடைசி. ஜூனிலிருந்து மூடலாம் என்று பரிந்துரை. அப்பாக்கள் ஒரே ஒரு வரியில் வருகிறார்கள்: 'வெளியே நின்ற ஆண்களால் குழந்தைகளின் கவனம் சிதறியது.'

நாலைந்து தடவை படித்தேன். அருமையான வாக்கியம். பிழையே இல்லை.

ஆரோக்கியமேரிக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. என்னைச் சொல்லச் சொல்வார்கள், பார்க்கலாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. கூட்டம். ஓலைச் சிலுவை மடிக்க எனக்கு இன்றுவரை வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் மடித்துத் தந்தார். அவருக்கு என்னைக் கண்டால் ஆகாது, எனக்கும் அவரை.

மத்தியானம் பெங்களூருக்கு எழுத உட்கார்ந்தேன். கையால், காகிதத்தில். மெயில் போட்டால் பெயரைப் பார்த்தே தள்ளிவிடுவார்கள். நாலு பக்கம் வந்தது. மனைவி லில்லியிடம் கொடுத்தேன். அவள் அடுப்பிலிருந்து வெஞ்சனத்தை இறக்கிவைத்துவிட்டு நின்றபடியே படித்தாள்.

"இதுல முக்காவாசி உங்க கதையால்ல இருக்கு. அந்தப் பிள்ள மூணாவது பக்கத்துலதேன் வருது."

"பின்னணி தெரிய வேணாமா?"

"ஃபேன் எதுக்குங்க பின்னணிக்கு? தவக்காலம் முடியிற மட்டுமாச்சும் யாரையும் வையாம இருங்களேன்."

கோபம் வந்தது. சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன். பிறகு எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். பி. பெயர் இல்லை. நான் இல்லை. ஃபேன் இல்லை. ஒரே பக்கம்: பூ எடுக்கிற ஊர், அம்மாக்கள் காட்டில் இருக்கிற நேரம், அப்பாக்கள் வருகிறார்கள், கேள்வித்தாளில் அவர்கள் இல்லை, பேசாத பிள்ளை பேசுகிறது, மூடும் முன் ஒரு நாள் நேரில் வந்து பாருங்கள்.

என்னை எடுத்துவிட்டால் இவ்வளவுதான் சொல்ல இருந்திருக்கிறது.

நாளை சித்திரை ஒன்று. தபாலாபீஸ் லீவு.

ஏப்ரல் 15, செவ்வாய்

வெயில். கரண்ட் இரண்டு தடவை போயிற்று.

பதினோரு மணிக்கு முருகேசன் போன். நம்பர் ஆரோக்கியமேரி கொடுத்ததாம்.

"சார், மேரிம்மா ஒண்ணும் சொல்லல. ஆனா மொகமே சரியில்ல. நாங்களாப் பேசிக்கிட்டோம். இன்னிமே ஆம்பளைக யாரும் சென்டருக்குள்ள வரல. தொட்டிப் பக்கமும் நிக்கல. நீங்க மேல சொல்லி, சென்டர எடுக்காம மட்டும் பாத்துக்கங்க."

"நீங்க வரலைன்னா கவியாகூட யாரு உக்காருவா?"

பின்னால் யாரோ பூ மூட்டைக்கு எடை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அது தனியா உக்காந்துக்கிரும் சார். பழகிக்கிரும்."

வருகிறவர்களை வராமல் ஆக்கியாயிற்று. எங்கள் மதிப்பீடு இதைச் செய்து முடித்துவிட்டது. நான் என்ன சொன்னேன் என்றுகூட நினைவில்லை. பார்க்கிறேன் என்றிருப்பேன். எப்போதும் அதுதானே.

கடிதத்தில் பழக்கதோஷத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடமாக எங்கெங்கோ விட்டுப்போன பெயர். இந்த ஒரு இடத்தில் இருந்தால், மெயில் சார் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்பார்கள். ஜோதியும் முருகேசனும் என் நாற்காலியோடும் ஃபேனோடும் சேர்ந்து குப்பைக்குப் போவார்கள். பெயர் இல்லாத கடிதத்துக்கும் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது, தெரியும். ஆனால் யார் எழுதியது என்று கண்டுபிடிக்கவாவது ஒருவன் கடைசி வரி வரைக்கும் படிப்பான்.

நாளை நெய்க்காரப்பட்டி மையத்தில் வேலை. முத்திரையை வைத்து என்னைப் பிடிக்க முடியாதபடி அது அந்த ஊருடையதாக இருக்கட்டும், தபாலை அங்கேயே போட்டுவிடுகிறேன். கையெழுத்து இருந்த துண்டைக் கத்தரித்து எடுத்துவிட்டு உறையை ஒட்டியாயிற்று.